ஆயிரம் ரூபாயும் ஒரு ‘ஏலே’யும்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 46. திருநெல்வேலிப் பேட்டையில் குடியிருக்கிறேன். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காக ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்றேன். நான் ஹெல்மெட் அணிந்திருந்தேன், அம்மா அணியவில்லை. அவருக்குக் கொண்டை இருப்பதால் அது தலையில் உட்காராது. ஒரு வளைவில் மறைவாக நின்ற போக்குவரத்துக் காவலர், “ஏலே, ஓரங்கட்டு” என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைப் பிடுங்கினார். உடனிருந்த அதிகாரி 1,000 ரூபாய்க்குச் சலான் போட்டார். அதே நேரத்தில் பத்துப் பேரை ஏற்றிய ஷேர் ஆட்டோ ஒன்றும் கட்சிக்கொடி கட்டிய கார் ஒன்றும் அவர்கள் கண் முன்னாலேயே போயின. முந்தின வாரம் அதே சாலையில் ஒரு காவலர் வெறுந்தலையோடு போனதையும் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர், “200 ரூபாயை நீட்டியிருந்தால் முடிந்திருக்குமே” என்றார். போன பிசான நெல் பருவத்தில் எங்கள் ஊர் வயல் கிணற்றிலிருந்து 12,000 ரூபாய் மதிப்புள்ள மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்துக்கு நான்கு முறை நடந்தும் ஒரு ரசீதைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. திருடனைப் பிடிக்க நேரமில்லாதவர்களுக்கு என் அம்மாவின் தலையைப் பார்க்க மட்டும் நேரமிருக்கிறதா? காவல்துறை என்பது எதற்காக இருக்கிறது? அபராதத்தைக் கட்டாமல் வழக்காடலாமா? நான் எழுதி வைத்திருக்கும் புகாரின் நகலையும் ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன்.

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் நீண்ட கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். சம்பவம் நடந்த இடத்தையும், நீங்கள் குறிப்பிட்டிருந்த அதிகாரியின் பெயரையும், காவல் நிலையத்தின் பெயரையும் நானே நீக்கினேன். மறுதரப்பைக் கேட்காமல் ஒருவர் பெயரை அச்சில் ஏற்றுவது எனக்குப் பழக்கமில்லை. முழுக் கடிதத்தில் 1,000 ரூபாய் மூன்று இடங்களில் வருகிறது. ‘ஏலே’ ஏழு இடங்களில் வருகிறது. கேபிள் திருட்டுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கோபத்தில் அபராதத்தின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு, சலானை எதிர்த்து வழக்காடினால் மற்ற இரண்டுக்கும் சேர்த்து நியாயம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படிச் செய்தால் மூன்றிலும் தோற்பீர்கள். முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, பொது இடத்தில் இருசக்கர வாகனத்தை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அதில் ஏற்றிச் செல்லப்படுகிற, 4 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தரமான தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது, கொண்டைக்கு அளிக்கவில்லை. 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருகிறவருக்கும் தமிழகத்தில் இது கண்டிப்பாக்கப்பட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வாரத்தில் புளியமரத்தடிகளில் எல்லாம் ஹெல்மெட் குவித்து விற்றார்கள். தமிழகத்தில் 100 ரூபாயாக இருந்த அபராதம், 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தை ஒட்டி, 2022 அக்டோபரில் 1,000 ரூபாயானது. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இந்தப் பத்து மடங்கு உயர்வு வலிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு விதித்த தொகை சட்டத்தில் உள்ள தொகைதான். நடந்ததாகச் சொல்லப்படும் குற்றம் நடந்ததுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். நான் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் நடத்துகிறவன். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற அம்மாக்கள் வேகத்தடையில் தூக்கிப்போட்டு விழும்போது, பிடிப்பதற்குக் கைப்பிடியைத் தவிர எதுவும் இல்லாததால், பின்பக்கமாகத்தான் விழுகிறார்கள். என் வழக்குக் கட்டுகளில் உள்ள காயச் சான்றிதழ்களில் ‘பிடரி’ என்ற சொல்லுக்கு நேராக எத்தனை பேருடைய பெயர்கள் இருக்கின்றன என்பதை நீங்கள் பார்க்க வேண்டாம். அந்த வழக்குகளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவுடன் கேட்பது, “அவர் ஹெல்மெட் அணிந்திருந்தாரா?” என்பதுதான். கொண்டையைக் கழுத்துப் பக்கம் தாழ்த்திக் கட்டச் சொல்லி, அம்மாவையே கடைக்கு அழைத்துப்போய், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒன்றைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உங்கள் அளவை வைத்து அவருக்கு வாங்காதீர்கள். உட்காராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வழக்காடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வழக்காடலாம். சலான் என்பது தீர்ப்பு அல்ல, குற்றச்சாட்டு. அதைப் போட்டவர் நீதிபதி அல்லர். சாலையில் கட்டுகிற தொகை, 200-ஆம் பிரிவின்படி, வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கமாக முடித்துக்கொள்ள அரசு உங்களுக்குத் தருகிற வாய்ப்பு; அதை ஏற்க மறுத்து, “நான் குற்றவாளி அல்ல” என்று நீதிமன்றத்தில் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டாமலும் எதிர்க்காமலும் சும்மா விட்டுவிடுவதுதான் மிக மோசமான வழி. சலான் நீதிமன்றத்துக்குப் போகும். நீங்கள் மறந்துபோன பிறகு, வண்டியை விற்றுப் பெயர் மாற்றப் போகும் நாளில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கணினியில் அந்த நிலுவை தலைகாட்டும்.

ஆனால் வழக்காடுவதற்கு முன் நீங்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லாததிலிருந்து, உங்களுக்கு அது தெரியாது என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெல்மெட் குற்றத்துக்குத் தண்டனை சொல்லும் 194-டி பிரிவு 1,000 ரூபாயோடு நிற்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தை 3 மாதத்துக்குத் தகுதிநீக்கம் செய்யவும் சொல்கிறது. 206-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, இந்தக் குற்றத்தில் காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டால்கூட அந்த நடவடிக்கையிலிருந்து தப்பிக்க முடியாது என்று 200-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் இவ்வளவு கோபப்படுகிற அந்த அதிகாரி, உங்கள் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரக்கமோ, வேலைப்பளுவோ, நான் அறியேன். குற்றத்தை மனத்தளவில் ஒப்புக்கொண்ட ஒருவர், சம்பளத்தை இழந்து இரண்டு நாள் பாளையங்கோட்டை நீதிமன்றப் படியேறி, கடைசியில் 1,000 ரூபாயோடு 3 மாத உரிமத்தையும் பணயம் வைப்பதை நான் அறிவுரையாகச் சொல்ல மாட்டேன். என் கட்டணமே அபராதத்தைவிட அதிகமாகிவிடும் என்பதை என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்லி வைக்கிறேன். கட்டிவிடுங்கள். கட்டியதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

200 ரூபாய் யோசனை சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ஆம் ஆண்டில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் கொடுப்பதே தனிக் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பிக்கலாம். 800 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் அதைவிடப் பெரிய குற்றத்தில் அவர் உங்களை மாட்டிவிடப் பார்த்தார். நீங்கள் கேட்காதது நல்லது.

அடுத்தது சாவியும் ‘ஏலே’யும். இந்த இரண்டிலும் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டியது உங்கள் கடமை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சாவியைப் பிடுங்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. வண்டியைத் தடுத்து வைக்கும் அதிகாரத்தைத் தரும் 207-ஆம் பிரிவு, பதிவு இல்லாத வண்டி, உரிமம் இல்லாத ஓட்டுநர், அனுமதிச் சீட்டு இல்லாத வாடகை வாகனம் போன்றவற்றைத்தான் சொல்கிறது. ஹெல்மெட் அந்தப் பட்டியலில் இல்லை. வயதான ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வண்டி முழுதாக நிற்பதற்குள் சாவியை இழுப்பது, எந்த விபத்தைத் தடுப்பதற்காக அந்தக் காவலர் அங்கே நிற்கிறாரோ அந்த விபத்தையே வரவழைக்கும் செயல்.

‘ஏலே’யைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். நம் ஊரில் இந்த ஒரு சொல்லில் ஆயிரம் சொந்தம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே, அந்தக் காவலரிடம் நீங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா பின்னாலிருந்து, “சும்மா இருல, போலீசுகிட்ட என்ன பேச்சு” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ல’ உங்களுக்கு உறைக்கவில்லை. உறைத்தது முன்னால் நின்றவரின் ‘லே’ மட்டும்தான். பழகியவர்கள் உரிமையோடு எடுத்துக்கொள்கிற ஒருமையை, சீருடை தருகிற அதிகாரத்தைக் கொண்டு ஒருவர் எடுத்துக்கொண்டால், நாற்பத்தாறு வயதுக்காரருக்குத் தாயின் முன்னால் முகம் சுருங்கத்தான் செய்யும். அபராதம் போடும் அதிகாரத்தைச் சட்டம் தந்திருக்கிறது. ஒருமையில் பேசும் அதிகாரத்தை அவருக்கு யாரும் தரவில்லை.

ஆகவே புகார் கொடுங்கள். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருப்பதைக் கொடுக்காதீர்கள். உங்கள் நகலைச் சிவப்பு மையால் திருத்தித் தனியாக அனுப்புகிறேன். முதல் பத்தியில் ‘அராஜகம்’, ‘காட்டுமிராண்டித்தனம்’, ‘பகல் கொள்ளை’ ஆகிய மூன்றையும் அடித்திருக்கிறேன். “1,000 ரூபாய்ச் சலானை ரத்து செய்ய உத்தரவிட வேண்டும்” என்ற கோரிக்கையையும் அடித்திருக்கிறேன். அது இருந்தால், அபராதம் வலித்ததால் புகார் சொல்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவற்றுக்குப் பதிலாக, “இன்ன தேதி காலை 9.40 மணிக்கு, என் வண்டி நிற்பதற்குள் காவலர் சாவியைப் பிடித்து இழுத்தார், வண்டி சாய்ந்ததில் என் தாயாரின் இடது கால் தரையில் ஊன்றியது, ‘ஏலே, ஓரங்கட்டு’ என்று அவர் என்னிடம் கூறினார், சலானின் எண் இது” என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அம்மாவின் கால் ஊன்றியதை நீங்கள் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். உங்கள் புகாரிலேயே கனமான வரி அதுதான். பேசிய சொல்லைப் பேசியபடியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று பொதுப்படையாக எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடிமானம் இருக்காது. சலானில் நேரம் அச்சாகியிருப்பதால் அன்றைக்கு அங்கே பணியில் இருந்தவர்கள் யார் என்பதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கடினமல்ல. மாநகரக் காவல் ஆணையருக்கு ஒப்புகை பெறும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ‘முதல்வரின் முகவரி’ துறையின் 1100 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். வளைவில் மறைந்து நின்று பிடிப்பதையும் புகாரில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். திடீரென்று எதிரே பாய்கிற காவலரைக் கண்டு வண்டியைத் திருப்புகிறவன் பின்னால் வரும் பேருந்தில் போய் மோதுவான். சோதனையை நேர்ச்சாலையில் தெரியும்படி வைக்கச் சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை.

“என்னை மட்டும் பிடித்தார்கள்” என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாத கட்சிக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நீதிமன்றத்தில் இது எடுபடாது. அடுத்தவருக்குத் தவறாகக் கிடைத்த சலுகையைக் காட்டித் தனக்கும் அதே சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. எனினும் நீதிமன்றத்தில் எடுபடாததெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. 2024 மே மாதம் நம் நாங்குநேரியில், சீருடையோடு அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் பயணச்சீட்டு எடுக்க மறுத்ததும், பணிக்கான பயண வாரண்ட் இருந்தால்தான் இலவசப் பயணம் என்று போக்குவரத்துத் துறை அறிவித்ததும், அதற்கடுத்த நாட்களில் அரசுப் பேருந்துகளுக்கு நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கும் சீட் பெல்ட் அணியாததற்கும் ஊர் ஊராக அபராதம் விழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு மேல்மட்டத்தில் பேசிச் சமாதானமாகி, சம்பந்தப்பட்ட காவலரும் நடத்துநரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அந்தப் பேருந்துகள் அதற்கு முந்தின மாதமும் அதே இடங்களில்தான் நின்றன. அந்த ஒரு வாரத்தைப் பார்த்த திருநெல்வேலிக்காரர் எவரிடமும், சட்டம் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது என்று சொல்லி நம்பவைக்க என்னால் முடியாது.

ஷேர் ஆட்டோவை ஏன் விட்டார்கள் என்பதற்கு மட்டும் ஒரு விளக்கம் இருக்கலாம். அளவுக்கு மேல் ஏற்றிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் என்று 194-ஏ பிரிவு சொல்கிறது. அதோடு, மிகுதியானவர்களை இறக்கி அவர்களுக்கு மாற்று ஏற்பாடு ஆகும்வரை வண்டி நகரக்கூடாது என்றும் சொல்கிறது. அதாவது காலை பத்து மணிக்கு, வேலைக்குப் போகிற ஆறேழு பேரை நடுரோட்டில் இறக்கிவிட்டு, அவர்களுடைய வசவையும் வாங்கிக்கொண்டு, வேறு வண்டிக்கும் அந்தக் காவலரே வழி பார்க்க வேண்டும். தனியாக வரும் இருசக்கர வாகனக்காரரைப் பிடிப்பது அதைவிட எளிது. இது நியாயமாகாது. ஆனால் நீங்கள் சந்தேகிக்கிற மாமூல்தான் காரணம் என்று ஆதாரமில்லாமல் எழுதுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுப் போடுங்கள். அந்தப் போக்குவரத்து எல்லையில் கடந்த 6 மாதத்தில் இருசக்கர வாகனம், ஆட்டோ, கார் ஆகியவற்றின் மீது தனித்தனியாக எத்தனை வழக்குகள் பதிவாயின என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வெறுந்தலையோடு போன காவலரைப் பொறுத்தவரை, சட்டத்தை அமலாக்கும் அதிகாரம் பெற்றவர் அதே சட்டத்தை மீறினால் இரட்டை அபராதம் என்று 210-பி பிரிவே இருக்கிறது. அடுத்த முறை பார்த்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காவல்துறை எதற்காக என்ற கேள்வி. அதைப் பொதுவாக விவாதிக்காமல், உங்கள் கேபிளை வைத்தே பதில் சொல்கிறேன். உங்களைப் பிடித்தவர் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் போக்குவரத்துப் பிரிவில் இருப்பவர். உங்கள் கிணறு இருப்பது மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லையில். இரண்டும் தனித்தனி நிர்வாகங்கள். இவர் சலான் போடுவதை நிறுத்திவிட்டாலும் அங்கே உங்கள் திருடனைத் தேட ஓர் ஆள்கூட அதிகமாகப் போவதில்லை. காலை எட்டரைக்கு ஆற்றைக் கடந்து நீதிமன்றத்துக்குப் போகிறவன் நான். 1843-இல் திறந்த சுலோசனா முதலியார் பாலத்தின் முனையில் பள்ளி வேன்களும் நகரப் பேருந்துகளும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும்போது, வெயிலில் கையை உயர்த்தி நிற்கும் ஒரு காவலர் இல்லாவிட்டால் என் வழக்குகளில் பாதி நான் இல்லாமலேயே அழைக்கப்பட்டுவிடும். அந்த வேலைக்காகவும் அவர்கள் இருக்கிறார்கள்; அதைச் செய்யும்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை.

அதே சமயம், கேபிள் விஷயத்தில் உங்கள் ஏமாற்றம் நியாயமானது, அதற்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அது முதல் தகவல் அறிக்கை அல்ல; மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான சீட்டு மட்டுமே. நம் கிராமங்களில் பாதிப் பேர் இந்தச் சீட்டை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வழக்கு நடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வழக்கே பதிவாகாதபோது யார், எதை விசாரிப்பார்கள்? 12,000 ரூபாய்த் திருட்டு, கைது செய்து விசாரிக்கக்கூடிய குற்றம். அத்தகைய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் அதே தகவலை எழுத்து மூலமாகத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். பதிவானால் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். படியேற வேண்டுமானால் இந்த வழக்குக்கு ஏறுவோம். நான் கட்டணம் வாங்காமல் வருகிறேன்.

கண்காணிப்பாளருக்கான கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய நகலில் ரசீது எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் தேதியும் மடிப்பில் அழிந்திருக்கின்றன. மூலத்தைப் பார்த்து அவற்றை நிரப்பி, கேபிள் வாங்கிய பில் இருந்தால் அதன் நகலையும் வைத்து, ஆணையருக்குப் போகிற புகாரோடு சேர்க்காமல் தனி உறையில் அனுப்புங்கள்.